அடக்க வாரம்

உயிரியல் ஆசிரியை பேசியது எட்டு நிமிடம். அதற்காக அவருக்கு வந்த குறிப்பாணை பதினோரு பக்கம். அதுவரை பதினான்கு ஆண்டுகளாகத் தவளை, இதயம், இலைத்துளை என்று யாருக்கும் தொந்தரவு இல்லாமல் பாடம் நடத்திவந்தவர் அவர்.

கல்வித் துறை அந்த ஆண்டு ‘அடக்கக் கல்வித் திட்டம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்குக் கருவளம் பற்றியும் விலகியிருத்தல் பற்றியும் சொல்லித்தர வேண்டும் என்பது நோக்கம். சொல்லித்தரும்போது எதையும் சொல்லிவிடக் கூடாது என்பது வழிமுறை. பள்ளி வாசலில் ‘மாணவர் அடக்க வாரம்’ என்று கறுப்பு எழுத்தில் ஒரு பதாகை கட்டினார்கள். முதல் நாளே வழியில் போன பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்திச் செருப்பைக் கழற்றிவிட்டு, போனது யார், சின்ன வயசா என்று காவலாளியிடம் விசாரித்தார்.

திட்டத்துக்கென்று ஒரு கையேடு இருந்தது. எழுதியவர் துறையின் துணை இயக்குநர். கையேட்டில் மனித உடலின் படம் ஒன்று உண்டு. கழுத்து வரை வரைந்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழேயும் வரைந்திருந்தார்கள். இடையில் ஒரு வெள்ளைக் கட்டம். அதற்குள் ‘இப்பகுதி பின்னர் வழங்கப்படும்’ என்று அச்சிட்டிருந்தது. படத்துக்குக் கீழே இருந்த வாக்கியம் இது: ‘ஆணின் உடல்சூடு பெண்ணின் கருவளத்தைத் தூண்ட வல்லது, ஆகவே விலகியிருத்தலே வழி.’

பத்தாம் வகுப்பில் படித்த ஒரு பெண் இந்த வாக்கியத்தைக் கவனமாகப் படித்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை, அதுதான் வினையாயிற்று. முந்தின வாரம் பேருந்தில், ஒரு பையன் அப்போதுதான் எழுந்துபோன இருக்கையில் அவள் உட்கார்ந்திருந்தாள். சூடு ஆறாத இருக்கை. வயிறு பெருத்துவிடக் கூடாதே என்று சாப்பாட்டை நிறுத்தினாள். ஒன்பது நாள் தண்ணீரும் இரண்டு மூன்று பிஸ்கட்டும்தான். உடம்பு வற்றியதில் அந்த மாதம் வர வேண்டிய மாதவிடாய் வரவில்லை. அது அவளுடைய பயத்துக்குச் சாட்சி சொன்னது. பத்தாம் நாள் காலை வணக்கத்தில், வரிசையில் நின்றபடியே சரிந்து விழுந்தாள்.

ஓய்வறையில் அவளைக் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தது உயிரியல் ஆசிரியைதான்.

“ஏம்மா சாப்பிடல?”

“வயிறு பெருசாயிடும்னு.”

“எதுக்குப் பெருசாகணும்?”

அவள் பையிலிருந்து கையேட்டை எடுத்து, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினாள். ஆசிரியை அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கருப்பை என்றால் என்ன, கருமுட்டை என்றால் என்ன, விந்தணு எங்கிருந்து எங்கே எப்படிப் போகிறது, எப்படியெல்லாம் போகாது, பட்டினி கிடந்தால் மாதவிடாய் ஏன் தள்ளிப்போகிறது என்று எல்லாவற்றையும் அதனதன் பெயர் சொல்லி விளக்கினார்.

“அப்ப பஸ்ல உக்காரலாமா டீச்சர்?”

“தாராளமா உக்காரு.”

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து இரண்டு பன்னை ஒரே மூச்சில் தின்றாள்.

கதவருகே தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெற ஒன்றரை ஆண்டு இருந்தது அவருக்கு. அதைப் பத்திரமாகக் கடத்திவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லாதவர். “எட்டு நிமிஷம் பேசிட்டீங்க டீச்சர்,” என்றார். “கடிகாரத்தப் பாத்துட்டேதான் இருந்தேன். நான் மேல எழுதியாகணும்.”

எழுதினார். மேலிருந்து பதில் வந்தது. உரிய சான்றிதழ் இன்றி இப்பாடம் பற்றி ஆசிரியை பேசியது முதல் குற்றம். உடலுறுப்பு ஒன்றை அதன் பெயராலேயே மூன்று முறை குறிப்பிட்டது இரண்டாம் குற்றம். அவர் ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பப்பட வேண்டும். அந்த மாணவி ஒரு பருவம் முழுவதும் பள்ளியிலிருந்து விலக்கிவைக்கப்பட வேண்டும். ஏனெனில் ‘சந்தேகம் தொற்றக்கூடியது.’ கீழே துணை இயக்குநரின் கையெழுத்து. மூன்று அங்குல நீளம், நடுவில் ஒரு சுழி.

மறுநாள் அந்தப் பெண்ணின் தாய் பள்ளிக்கு வந்தார். ஆயத்த ஆடைப் பட்டறையில் பொத்தான் தைப்பவர். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“என் பொண்ணு என்ன தப்பு பண்ணுனா டீச்சர்?”

“கேள்வி கேட்டா.”

“அதுக்குத்தானே பள்ளிக்கூடம் அனுப்புறேன்?”

ஆசிரியை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“தெருவுல என்ன பேசுறாங்கன்னு தெரியுமா? ஒரு பருவம் வீட்ல உக்கார வெச்சா என்ன அர்த்தம்னு அவங்களே ஒரு அர்த்தம் பண்ணிக்கிறாங்க. பிள்ள ஜன்னலத் தொறக்க மாட்டேங்குது.” அவர் அழவில்லை. குரலும் உயரவில்லை. “உங்கள ஒண்ணும் சொல்லல. நீங்கதான் சோறு திங்க வெச்சீங்க. கையெழுத்துப் போட்டவரு யாருன்னு மட்டும் சொல்லுங்க. முகத்தப் பாத்து வெச்சுக்கிறேன்.”

தலைமையாசிரியர் அன்று மாலை ஆசிரியையைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். “மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க. நாலு வரி போதும்.”

“என்ன தப்புன்னு எழுதட்டும் சார்?”

அவர் யோசித்தார். “தெரியாம உண்மையச் சொல்லிட்டேன்னு எழுதுங்க.”

ஆசிரியை தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எதையும் எழுதவில்லை. பேருந்தில் நின்றபடி வீட்டுக்குப் போகும்போது, தனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருப்பதைக் கவனித்தார். அது அவருக்குப் புதிய அனுபவம். தவளையை அறுக்கும்போதுகூட அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்பவர் அவர்.

பயிற்சி நடந்த கூடத்தில் ஆண் ஆசிரியர்களுக்கும் பெண் ஆசிரியைகளுக்கும் நடுவில் திரை கட்டியிருந்தார்கள். பேசுகிறவர் திரையின் இரண்டு பக்கமும் தெரியும்படி நிற்க முடியாததால், சொன்னதையே அந்தப் பக்கம் ஒருமுறை இந்தப் பக்கம் ஒருமுறை சொன்னார்.

முதல் நாள் கருவளம் பற்றி வகுப்பு. வந்தவர் வேளாண் துறையின் மண்வள அலுவலர். அரசு ஊழியர்களில் பதவிப் பெயரிலேயே ‘வளம்’ இருப்பவர் அவர் ஒருவர்தான் என்று கண்டுபிடித்து அழைத்திருந்தார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மூன்று மணி நேரம் பேசினார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், மண்ணுக்கும் மாணவிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். “எனக்கும் அதான் புரியல,” என்றார் அவர். “வரச் சொன்னாங்க, வந்தேன்.” ஐந்து நாளிலும் நேர்மையாகப் பேசியவர் அவர் மட்டும்தான்.

இரண்டாம் நாள் பூவை வைத்துப் பாடம் நடத்துவதாக இருந்தது. மகரந்தமும் சூலகமும் ஒரே பூவுக்குள் காவல் இல்லாமல் இருப்பதை யாரோ சுட்டிக்காட்ட, பூ விலக்கப்பட்டது. மூன்றாம் நாள் பூட்டு, சாவி. திறக்கிற சத்தம் தவறான எண்ணத்தைத் தருவதாகச் சொல்லிச் சாவியை எடுத்துவிட்டார்கள். நான்காம் நாள் மேசைமேல் வெறும் பூட்டு ஒன்று இருந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் துணை இயக்குநரே வந்தார். நல்ல உயரம். மடிப்புக் கலையாத சட்டை. திரையின் நுனியில் நின்று, முகம் ஒரு பக்கமும் முதுகு ஒரு பக்கமுமாகப் பேசினார்.

“இந்தக் கையேட்ட எழுதுறதுக்கு நான் ஒரு புத்தகத்தக்கூடப் படிக்கல. பெருமையாச் சொல்றேன். படிச்சா மனசு கெட்டுடும்னு மூணு மாசம் எந்தப் புத்தகத்தையும் தொடல. டாக்டர்களக் கேட்டு எழுதலாம்னு சிலர் சொன்னாங்க. அவங்களுக்கு விஷயம் தெரியும், ஒத்துக்கறேன். ஆனா தெரிஞ்சவங்க எழுதினா தெரிஞ்சுபோயிடுமே. எங்க வீட்ல இதப் பத்தி ஒருநாளும் ஒரு பேச்சு வந்ததில்ல. எனக்குக் கல்யாணமாகி இருபத்தொரு வருஷம். ரெண்டு குழந்தைங்க. எப்படின்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. அதுதான் அடக்கம்.”

கைதட்டினார்கள். ஆசிரியை தட்டவில்லை. அந்த மூன்று அங்குலக் கையெழுத்துப் போட்ட விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகத் தேர்வு. வினாத்தாளில் பத்துக் கேள்விகள். பத்தும் ‘அந்த விஷயம் பற்றிக் குறிப்பு வரைக’ என்பதன் பத்து வடிவங்கள். ஆசிரியைக்கு இருந்த ஆத்திரத்தில் ஒரு கேள்விக்கும் பதில் எழுதவில்லை. பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அவர் நூற்றுக்கு நூறு. திருத்தும் முறையை வகுத்தவர் துணை இயக்குநர்: எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்பெண் குறைக்கப்படும், ஒன்றும் எழுதாமல் தன்னை அடக்கிக்கொண்டவரே முழுத் தகுதி உடையவர். மற்றவர்கள் எல்லோரும் இரண்டு பக்கமாவது எழுதிக் கெட்டிருந்தார்கள்.

சான்றிதழோடு திட்டத்தின் விதிப் புத்தகமும் வந்தது. ஆசிரியை அதை ஒரு சனிக்கிழமை காலை சமையலறை மேசையில் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். உலையில் அரிசி குழைந்தது தெரியவில்லை. ஒன்பதாம் விதியின்படி, பயிற்சியில் முதலிடம் பெற்றவரே அந்த வட்டாரத்தின் தேர்வாளர். வினாத்தாள் தயாரிப்பதும் திருத்தும் முறையை வகுப்பதும் அவர் பொறுப்பு. பதினான்காம் விதி: ‘இப்பாடம் குறித்துப் பேசுவோர், எழுதுவோர், கையெழுத்திடுவோர், கோப்பைச் சுமப்போர் அனைவரும் தேர்வாளரிடம் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறுதல் கட்டாயம். சான்றிதழ் இல்லாதோர் பிறப்பித்த ஆணைகள் செல்லாது.’ அவருடைய எட்டு நிமிடத்தைத் தண்டித்ததும் இதே விதிதான். இருபதாம் விதி, தோற்றவர்களை என்ன செய்ய வேண்டும் என்று சொன்னது.

அவர் அதை மூன்று முறை படித்தார். பிறகு குழைந்த சோற்றை வடித்துவிட்டு, மிக அழகான கையெழுத்தில், மிகுந்த பணிவுடன் ஒரு கடிதம் எழுதினார்.

துணை இயக்குநர் தேர்வு எழுதச் சந்தோஷமாகச் சம்மதித்தார். வெற்றுத்தாள் கொடுத்தால் நூறு மதிப்பெண் என்று அவருக்குத் தெரியாதா என்ன? புகைப்படக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு, பள்ளிக்கு வந்தார். அந்தக் கோப்பைத் தொட்ட ஏழு பேரும் அவரோடு தேர்வு எழுத வேண்டும். அவருடைய எழுத்தர், நான்கு கண்காணிப்பாளர்கள், தலைமையாசிரியர், கடைசியாகக் கோப்பை மேசைக்கு மேசை சுமந்த அலுவலக உதவியாளரான ஒரு அம்மா. எல்லோரும் அவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு பேரையும் பத்தாம் வகுப்பு அறையில் உட்காரவைத்தார் ஆசிரியை. பிள்ளைகளின் பெஞ்சுகள். துணை இயக்குநரின் முழங்கால் மேசையில் இடித்தது.

வினாத்தாளின் தலைப்பில் ஒரு குறிப்பு இருந்தது: ‘விடை தெரியாதவர்கள் மட்டும் காலியாக விடவும். காலியாக விட்ட கேள்விக்கு மதிப்பெண் பூஜ்யம்.’

“இது என்ன டீச்சர்?” என்றார் துணை இயக்குநர்.

“ஒன்பதாம் விதி சார். திருத்துற முறை தேர்வாளர் இஷ்டம்.”

“நான்தான் அந்த விதிய எழுதுனேன்.”

“ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க சார்.”

கேள்விகள் எளியவை; ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை பட்டினி கிடக்காமல் இருக்கத் தேவையான அளவுதான். கருமுட்டை எப்போது வெளிப்படுகிறது? விந்தணு பெண்ணின் உடலுக்குள் எத்தனை நாள் வரை உயிரோடிருக்கும்? மாதவிடாய் தள்ளிப்போகக் காரணங்கள் யாவை? ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் மற்றவர் செய்ய வேண்டியது என்ன? ஐந்தாவது கேள்விக்கு இருபது மதிப்பெண்: ‘விலகியிருக்கச் சொல்கிறீர்கள். எதிலிருந்து? விளக்குக.’

கால் மணி நேரத்தில் எழுத்தரின் கழுத்து துணை இயக்குநரின் தாள் பக்கமாக நீள ஆரம்பித்தது. கண்காணிப்பாளர்கள் எழுத்தரைப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் கண்காணிப்பாளர்களைப் பார்த்தார். பதினான்கு ஆண்டு தேர்வறையில் நின்ற ஆசிரியை எல்லாவற்றையும் பார்த்தார்; தடுக்கவில்லை. தப்பான விடை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க அவருக்கு ஆசையாக இருந்தது. கடைசிப் பெஞ்சில் அக்கா மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே திருத்தினார். சிவப்பு மை பாதியிலேயே தீர்ந்து வேறு பேனா எடுக்க வேண்டியிருந்தது. கருமுட்டை எப்போது வெளிப்படுகிறது என்ற கேள்விக்குத் துணை இயக்குநர் ‘உரிய ஒப்புதலுக்குப் பின்’ என்று எழுதியிருந்தார். விந்தணுவின் ஆயுள் ‘ஓய்வு பெறும் வயது வரை.’ ‘வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால், ‘காரணம் கேட்டு விளக்கம் பெற வேண்டும்.’ எதிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதற்கு, ‘மேற்படி விஷயத்திலிருந்து.’ ஏழு தாள்களிலும் இதே விடைகள். எழுத்தர் ஒருபடி மேலே போய், தாளின் முகப்பில் தன் பதவிக்குப் பதிலாகத் ‘துணை இயக்குநர்’ என்றே எழுதியிருந்தார். ஏழு பேருக்கும் ஆளுக்கு இரண்டு மதிப்பெண். அதுவும் கையெழுத்துத் தெளிவாக இருந்ததற்காக.

அக்காவுக்குத் தொண்ணூற்று மூன்றரை. ஐந்தாவது கேள்விக்கு அவர் நேரடியான சொல்லைப் போட்டு, மூன்று வரியில், இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாதபடி எழுதியிருந்தார். எழுத்துப் பிழைக்காக அரை மதிப்பெண் குறைத்தார் ஆசிரியை. அப்படிக் குறைத்தது பிறகு அவரைக் கொஞ்சம் உறுத்தியது.

விதிப்படி முடிவுகள் பள்ளி அறிவிப்புப் பலகையில் பதவிப் பெயரோடு ஒட்டப்பட்டன. முதல் நாள் மாணவர்கள் பார்த்தார்கள். இரண்டாம் நாள் பெற்றோர்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் பொத்தான் தைக்கும் அம்மா பட்டறையிலிருந்து ஆறு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். பலகையை விரலால் தடவி அந்த வரியைக் கண்டுபிடித்துச் சத்தமாகப் படித்தார். “துணை இயக்குநர். ரெண்டு.” கூட வந்தவர்களுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை படித்தார்.

துணை இயக்குநர் தேர்வை ரத்து செய்யப் பார்த்தார். ரத்து செய்ய ஓர் ஆணை வேண்டும். ஆணையில் அவர் கையெழுத்திட முடியாது, தோற்றுவிட்டார். எழுத்தர் எழுத முடியாது; அவரும் தோற்றுவிட்டார். கண்காணிப்பாளர்கள் அந்தக் கோப்பைத் திறக்கவே முடியாது. அலுவலகத்திலேயே கோப்பைத் தொடத் தகுதி உள்ளவர் அக்கா ஒருவர்தான்.

“கொஞ்சம் அந்தக் கோப்ப எடுத்துட்டு வாங்க அக்கா,” என்றார் எழுத்தர்.

“எடுத்துட்டு வரலாம். யார்கிட்டக் குடுக்கறது? உங்க கைல குடுத்தா விதிமீறல் ஆயிடுமே தம்பி.” அக்கா கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சான்றிதழ் இல்லாதவர் பிறப்பித்த ஆணை செல்லாது என்பதால், அந்தப் பெண்ணை விலக்கிவைத்த ஆணையும் செல்லாமல் போயிற்று. அதைத் தலைமையாசிரியரிடம் சொல்ல ஆசிரியை போனபோது, அவர் தலையைத் தூக்கவில்லை. “நான் எதையும் பேசக் கூடாது டீச்சர். ரெண்டு மார்க். நீங்களே வரச் சொல்லிடுங்க.” திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தாள். வகுப்புக்குள் நுழையும்போது யாரையும் பார்க்காமல் நுழைந்தாள். மதியத்துக்குள் தோழிகள் மூன்று பேர் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியில் கையை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை அதை வராந்தாவில் நின்று பார்த்தார். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிறுத்தவில்லை.

இருபதாம் விதியின்படி, தோற்றவர்கள் நாற்பது பாடவேளைகள் மாணவர்களோடு அமர்ந்து பாடம் கேட்க வேண்டும். ஏழு பேரும் செவ்வாய்க்கிழமைகளில் வந்தார்கள். துணை இயக்குநருக்குக் கடைசிப் பெஞ்சு. ஆசிரியை கருப்பையையும் சினைப்பையையும் பலகை நிறைய வரைந்து, ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்லச் சொன்னார். பிள்ளைகள் முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் கேள்வி கேட்டார்கள். விலகியிருப்பது பற்றியும் பாடம் நடந்தது. எதிலிருந்து, ஏன், எது வரை, அதைச் சொல்லத் தைரியம் வராதபோது என்ன செய்வது என்றெல்லாம் அவர்களே பேசினார்கள். துணை இயக்குநர் மட்டும் வாயைத் திறக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுப்பாடம் எங்க சார்?” என்று ஆசிரியை நான்காவது செவ்வாய் கேட்டார். “படம் வரைஞ்சு பாகம் குறிக்கச் சொன்னேனே?”

“வேல இருந்துச்சு.”

“எழுந்து நின்னு சொல்லுங்க.”

எழுந்து நின்றார். நாற்பத்திரண்டு தலைகள் திரும்பிப் பார்த்தன. ஆசிரியையின் உடம்பெல்லாம் ஒரு இதமான சூடு பரவியது. இப்படி ஒரு நிமிடத்துக்காக ஒரு மனுஷி மூன்று மாதம் காத்திருக்கலாம் என்று தோன்றியது.

“மூணு வாரமா இதே பதில்தான் சார். அடுத்த வகுப்புக்கு வீட்லேர்ந்து பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க. அவங்ககிட்டப் பேசிக்கிறேன்.”

அடுத்த செவ்வாய் அவருடைய மனைவி வந்தார். மெலிந்த பெண்மணி. தோளில் பெரிய கைப்பை. கணவர் இரண்டடி பின்னால் நின்றார்.

“என்ன பண்ணுனாரு டீச்சர்?”

“வகுப்புல கவனிக்கறதே இல்ல மேடம். கேள்வி கேட்டா பதில் வராது. தெரியலன்னு சொல்லவும் மாட்டேங்கறாரு.”

“அது வீட்லயும் அப்படித்தான்.” அவர் குரலில் ஆச்சரியம் எதுவும் இல்லை. “மார்க் ரெண்டுன்னு கேள்விப்பட்டேன். அந்தத் தாளப் பாக்கலாமா?”

“மேடம், அதெல்லாம் அலுவலக ரகசியம்,” என்றார் பின்னால் நின்றவர். இருபத்தொரு வருட மனைவியை அவர் மேடம் என்று கூப்பிட்டது அவருக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

ஆசிரியை அலமாரியைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண்மணி முன் பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு விடையையும் படித்துவிட்டு, கேள்வியை மறுபடி பார்த்துவிட்டு, அடுத்ததற்குப் போனார். நான்காவது கேள்வியில் நெடுநேரம் நின்றார். ‘வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அது. அவர் உதடு அந்த விடையைச் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தது.

பிறகு தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுத்து மூடினார்.

“இது என்கிட்டயே இருக்கட்டும் டீச்சர்.”

“வெச்சுக்கங்க மேடம். நான் பதிவேட்டுல ஏத்திட்டேன்.”

மணி அடித்தது. அந்தப் பெண்மணி போகாமல் கடைசிப் பெஞ்சில் கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். ஆசிரியை பலகையைத் துடைத்துப் பாடத்தைத் தொடங்கினார். அன்று முழுவதும் துணை இயக்குநர் ஜன்னலைப் பார்க்கவில்லை. அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.